கோழிக்கொட்டகையில் வாழ்ந்த டீச்சர்... பென்ஷனுக்காகக் களமிறங்கிய ஹெட்மிஸ்ட்ரஸ்! யார் இந்த ஈத்தல் பெர்சி ஆண்ட்ரஸ்?

அமெரிக்காவில் 50 வயதை நெருங்கும் பலருக்கும் தபாலில் ஓர் அழைப்பு வரும். உறுப்பினராகச் சேரச் சொல்லி அதை அனுப்புவது ஏ.ஏ.ஆர்.பி. என்ற மூத்தோர் அமைப்பு. இன்று அதில் 3.5 கோடிக்கும் மேல் உறுப்பினர்கள். வாஷிங்டனில் முதியோர் நலனில் யாராவது கைவைக்க நினைத்தால், முதலில் யோசிக்க வேண்டியது இவர்களைப் பற்றித்தான். இவ்வளவு பெரிய அமைப்பைத் தொடங்கியவர் அரசியல்வாதியும் இல்லை, தொழிலதிபரும் இல்லை. அரசுப் பள்ளியிலிருந்து ரிட்டயர் ஆன ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஈத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் 1884-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார், சிகாகோவில் வளர்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பட்டம், கொஞ்ச காலம் அந்த நகரிலேயே ஆசிரியர் வேலை. ஏழைப் புலம்பெயர்ந்தோருக்காக இயங்கிய ஹல் ஹவுஸில் மாலை நேரங்களில் சேவை. அப்பாவின் உடல்நிலை காரணமாகக் குடும்பம் 1910-ல் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பியது. 1916-ல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். அந்த மாநிலத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் என்று குறிப்பிடப்படுகிறார். பின்னாளில் லிங்கன் உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் மாறிய அந்த இடத்தில், பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் படித்தார்கள். பிள்ளைகளோடு நிறுத்தாமல், பெற்றோர்களுக்கும் வகுப்பு தொடங்கினார் ஆண்ட்ரஸ். 28 வருஷம் ஒரே நாற்காலி.

1944-ல் அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டார். கைக்கு வந்த பென்ஷன் மாதம் சுமார் 60 டாலர்.

ஏன் இவ்வளவு குறைவு?

கலிஃபோர்னியா ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் 1913-ல் வந்தது. 30 வருஷம் வேலை பார்த்தால் ஆண்டுக்கு 500 டாலர், அவ்ளோதான். மாதத்துக்குச் சுமார் 42 டாலர். கடைசியாக வாங்கிய சம்பளம் என்ன, விலைவாசி என்ன என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. அந்தத் தொகை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினாலும், விலைவாசி அதைவிட வேகமாக ஓடியது. 1946-ல் மட்டும் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 18 சதவீதம் எகிறியது.

சரி, சோஷியல் செக்யூரிட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். 1935-ல் அந்தச் சட்டம் வந்தபோது, மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் வெளியே விடப்பட்டார்கள். மாநில அரசுகள் மீது மத்திய அரசு வரி போடலாமா என்ற சட்டச் சிக்கல்தான் முக்கியக் காரணம். அந்தச் சிக்கலுக்கான விலையை வாத்தியார்கள் கொடுத்தார்கள். பல ஊர்களில் கல்யாணம் ஆனால் டீச்சர் வேலையே போய்விடும் என்ற விதியும் இருந்தது. அதனால் வயதான காலத்தில் கணவரோ பிள்ளைகளோ இல்லாத டீச்சர்கள் ஏராளம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் நலத்துறைப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரஸ், கஷ்டத்தில் இருக்கும் ஓர் ஆசிரியையைத் தேடிப் போனார். சொன்ன முகவரியில் அப்படி யாரும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிக்கொட்டகையில்தான் அவர் குடியிருந்தார். ஒரு காலத்தில் ஸ்பானிஷ் மொழி நடத்திய, மதிப்போடு வாழ்ந்த டீச்சர். ஏ.ஏ.ஆர்.பி. இன்றுவரை தன் தொடக்கமாகச் சொல்லும் கதை இதுதான்.

இங்கே நிதி வசூல் செய்து அந்த ஒருவருக்கு உதவிவிட்டுப் போயிருக்கலாம். நல்ல மனசுக்காரர் என்று பெயரும் கிடைத்திருக்கும். ஆண்ட்ரஸ் போனது வேறு வழி. 1947-ல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கினார். பிரச்னை ஓர் ஊருடையது இல்லை, விதிகளுடையது என்பது அவர் கணக்கு.

முதல் குறி வருமான வரி. அன்று சோஷியல் செக்யூரிட்டி பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் ஆசிரியர் பென்ஷனுக்கு வரி உண்டு! குறைவாக வாங்குபவரிடமே பிடித்தம் என்ற இந்த அநியாயத்துக்கு 1954 வரிச் சட்டத்தில் ஒரு பரிகாரம் கிடைத்தது. ஆண்டுக்கு 1,200 டாலர் வரையிலான ஓய்வு வருமானத்துக்குச் சலுகை, அதாவது அதிகபட்சம் 240 டாலர் வரி மிச்சம். 60 டாலர் பென்ஷனில் இது நான்கு மாதப் பணம்.

அடுத்ததுதான் கஷ்டமான கட்டம். பென்ஷன் கொஞ்சம் கூடினாலும், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தால் எல்லாம் காலி. 65 வயதைத் தாண்டியவருக்கு இன்ஷூரன்ஸ் தர அன்று கம்பெனிகள் தயாராக இல்லை. டஜன்கணக்கான நிறுவனங்களின் கதவைத் தட்டினார், எல்லாரும் கைவிரித்தார்கள். கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி நகரைச் சேர்ந்த இன்ஷூரன்ஸ் தரகர் லெனார்ட் டேவிஸ் மூலம் கான்டினென்டல் கேஷுவால்ட்டி நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1956-ல் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு நாடு தழுவிய குழு மருத்துவக் காப்பீடு வந்தது. தனி ஆளாகப் போனால் ரிஸ்க், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து போனால் வாடிக்கையாளர். லாஜிக் அவ்வளவுதான்.

விஷயம் பரவியதும், ஆசிரியர் அல்லாத முதியவர்களும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்காக 1958-ல் பிறந்ததுதான் ஏ.ஏ.ஆர்.பி. அடுத்த ஆண்டு தபாலில் மருந்து விற்பனையும் தொடங்கியது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேர் சட்டம் 1965-ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இவர் எவ்வளவு முந்தி ஓடினார் என்று புரியும்.

எல்லாமே பாராட்டு மட்டும்தானா? இல்லை. டேவிஸ் 1963-ல் தொடங்கிய கலோனியல் பென் நிறுவனம், இந்த உறுப்பினர்களை வைத்தே பெரிதாக வளர்ந்தது. கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற பாலிசி இல்லை என்று 1970-களில் கடும் விமர்சனம் எழுந்து, பிறகு ஏ.ஏ.ஆர்.பி. வேறு நிறுவனத்துக்கு மாறியது. நலச் சங்கமும் இன்ஷூரன்ஸ் வியாபாரமும் ஒரே வீட்டில் குடியிருந்தால் வரும் சிக்கல் அது. இதைப் பார்க்க ஆண்ட்ரஸ் இல்லை. 1967 ஜூலையில், 82 வயதில் இறந்தார், அதுவரை பொறுப்பிலேயே இருந்தார்.

அவர் தொடங்கிய சண்டை மட்டும் முடிந்தபாடில்லை. கலிஃபோர்னியா அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அந்த வேலைக்கு இன்றும் சோஷியல் செக்யூரிட்டியில் இல்லை. வேறு வேலை பார்த்தோ, கணவர் வழியாகவோ அந்தப் பணத்துக்குத் தகுதி பெற்றாலும், ஆசிரியர் பென்ஷனைக் காரணம் காட்டிக் குறைக்கும் இரண்டு விதிகள் 1977, 1983-ல் வந்தன. அந்த இரண்டையும் நீக்கும் சட்டத்தில் அதிபர் பைடன் கையெழுத்திட்டது 2025 ஜனவரி 5-ம் தேதி.