கொடுவாவின் பெயரை ஏட்டில் ஏற்றியவர்

வேலணைத் தீவிலே, புளியங்கூடலிலிருந்து கடலை நோக்கி நடப்பவர், பொழுது சாயும் வேளையில் ஆழமற்ற நீரிலே மணலைக் குஞ்சுகள் திடீரெனச் சிதறித் துள்ளுவதைக் கண்டிருப்பர். கீழே பெருமீன் ஒன்று வேட்டைக்கு வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அவ்வாறு வரும் மீன்களுள் கொடுவாவும் ஒன்று. அம்மீனுக்குத் தமிழன் இட்ட பெயரை, வங்காளத்தார் வழங்கும் பேக்டி, தெலுங்கர் வழங்கும் பண்டுகொப்பா ஆகிய பெயர்களோடு ஒரே பக்கத்தில் எழுதி உலகறியச் செய்தவர் ஓர் ஆங்கில மருத்துவர். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் 1829ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் பிறந்த டே, மருத்துவம் பயின்று, 1852இல் சென்னைப் படைப்பிரிவின் மருத்துவப் பணியிற் சேர்ந்து இந்தியா வந்தார். பர்மியப் போரையும் கண்டார். ஆயினும் அவர் உள்ளம் நாடியது மீனையே. கொச்சியிலே மருத்துவராக இருந்த காலத்தில் அங்காடிக்கு வந்த மீன்களையெல்லாம் வாங்கி, வரைந்து, சாராயத்தில் இட்டுக் காத்தார். அதன் பயனாக 1865இல் மலபார் மீன்களைப் பற்றிய நூல் வெளிவந்தது.

இதற்கிடையில், நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலே திரவுட் மீனை வளர்க்கவேண்டும் என்னும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. சேவல் இறகையும் பட்டு நூலையும் முள்ளிற் சுற்றி, ஈயைப்போல் நீர்மேல் வீசித் திரவுட் பிடிப்பது ஆங்கிலேயர்க்கு விளையாட்டு மட்டுமன்று. ஏறக்குறைய ஒரு சமயம். 1863இல் செய்த முயற்சி வீணாயிற்று. 1866இல் மறுபடி முயன்றார். அப்போதும் அம்மீன் அங்கே வேரூன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவரே அதனை நிறைவேற்றினார். டேயின் பெருமை இம்முயற்சியில் இல்லை என்பதே என் எண்ணம்.

அது வேறிடத்தில் இருந்தது. ஆறுகளின் குறுக்கே அணைகளைக் கட்டிப் புகழ்பெற்ற சர் ஆர்தர் காட்டனே, அவ்வணைகள் மீன்வளத்தைக் கெடுக்கின்றனவோ என்ற ஐயத்தை 1867இல் அரசாங்கத்தின்முன் வைத்தார். கட்டியவரே கேட்ட கேள்வி அது! அதனை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் உல்லம் மீனுக்குக் கொள்ளிடத்து அணை பெருந்தடையாய் நிற்பதை அவர் எடுத்துக் காட்டினார். 1871இல் இந்திய மீன்துறையின் தலைமைக் கண்காணிப்பாளரானார். 1873இல் நன்னீர் மீன்பிடிப்பைப் பற்றியும் கடல் மீன்பிடிப்பைப் பற்றியும் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டார். உப்பு வரியின் கொடுமையாற் கருவாடு போட வழியின்றி மீனவர் திணறிய நிலையை அவ்வறிக்கைகள் மறைக்கவில்லை.

அக்காலத்தில் தென்கன்னடத்திற் கலெக்டராயிருந்தவர் சல்லிவன் தாமஸ். தூண்டிற்காரர் போற்றும் ஒரு நூலை 1873இல் எழுதியவர் அவரே. மேற்குத் தொடர் ஆறுகளில் வாழும் ஒரு கெண்டையினத்திற்கு டே அவர் பெயரையே சூட்டினார். இவ்விருவர் நட்பிலே ஓர் உண்மை அடங்கியுள்ளது. தூண்டிற்காரன் எந்த இறகைக் கட்டுவது, எந்த நிறத்தைத் தெரிவது என்று மயங்குகிறான். அதற்கு விடை மீனின் வயிற்றிலே இருக்கிறது. திரவுட் பூச்சியைத் தின்னும். ஆகவே அதற்கு ஈயின் உருவம் போதும். கொடுவாவோ இறாலையும் சிறுமீனையும் விழுங்குவது. உவர்நீரில் வீசும் அந்த இறகுக் கட்டுக்கு ஈ என்ற பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. உருவத்தாலும் அசைவாலும் அது இறாலாகவோ மணலைக் குஞ்சாகவோ இருக்கவேண்டும். அமெரிக்கக் கரையில் வரிக்கொடுவா போன்றதொரு மீனைப் பிடிப்போரும் இவ்வாறே தெரிகின்றனர். எம் தீவார் உயிர் இறாலையே முள்ளிற் கோப்பதால் அவர்க்கு இந்த மயக்கமே இல்லை.

1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது டேயின் பெருநூல். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய மூன்று நாட்டு மீன்களையும் அது தழுவியது. ஏறக்குறைய ஆயிரத்து நானூறு இனங்கள்! தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலச் செவியில் விழுந்து சற்றே சிதைந்தனவாயினும் பலவற்றை இன்றும் நாம் அடையாளங்காணலாம். அப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்த மீனவரின் பெயர்கள் மட்டும் அந்நூலிற் காணப்படா. இக்குறை எனக்கு எப்பொழுதும் உறுத்துவதுண்டு.

நூல் வெளிவந்த காலத்திலே லண்டன் பிரித்தானியக் காட்சிச்சாலையில் மீனியலிற் கோலோச்சியவர் ஆல்பர்ட் குந்தர். உலக மீன்களனைத்தையும் எட்டுத் தொகுதிகளில் வரிசைப்படுத்திய பேரறிஞர். இருவர்க்கும் ஒத்துப்போகவில்லை. யார் கண்டது புதிய இனம், யார் செய்தது பிழை என்று எழுத்திலே மோதிக்கொண்டனர். டேயும் முன்கோபத்திற் குறைந்தவரல்லர். 1883இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மீன்பிடிக் கண்காட்சியில் இந்தியப் பகுதியை நடத்தியவர் டே. ஆயினும் தம் வாழ்நாட் சேகரிப்பின் சிறந்த பகுதியைப் பகைவர் காக்கும் காட்சிச்சாலைக்குக் கொடுக்க அவர் மனம் இசையவில்லை. அதனைச் சிட்னி நகரத்து ஆஸ்திரேலியக் காட்சிச்சாலைக்கு விற்றுவிட்டார். இந்நாட்டு மீன்களை ஒப்பிட்டு ஆராய விரும்புவோர் தென்கடல் தாண்டிச் செல்லவேண்டியதாயிற்று. இருவர் பிணக்கின் விலையை, அதில் யாதொரு பங்குமில்லாத பிற்காலத்து மாணவர் செலுத்தினர்.

கொடுவாவைப் பற்றிய ஒரு விந்தை டேயின் காலத்தில் வெளிப்படவில்லை. அம்மீன் இளமையில் ஆணாய் வாழ்ந்து, வளர்ந்தபின் பெண்ணாய் மாறுவது பிற்கால ஆராய்ச்சியிற் தெரியவந்தது. ஒவ்வொரு மீனின் செதில்வரிசையையும் முள்ளையும் எண்ணிய அந்த மனிதர் இதனைக் கேட்டிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

1877இல் ஓய்வுபெற்றுச் செல்ட்டன்ஹாம் நகரிற் குடியேறிய டே, சும்மா இருக்கவில்லை. பிரித்தானியத் தீவுகளின் மீன்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதி முடித்தார். இந்திய மீன் நூலுக்கு 1888இல் இணைப்பும் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சூலை 10ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.