எம்.சி. ராஜாவின் மசோதாவும் கட்சியின் கட்டளையும்

சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் ஒரு கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. செங்கம், வந்தவாசிப் பக்கமிருந்து சென்னைக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். அவர் யார் என்று கேட்டால், பழைய ஆதிதிராவிடர் தலைவர் என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆனால் தனித்தொகுதியில் நாம் அனுப்பும் உறுப்பினர் நமக்கான சட்டம் வரும்போது எந்தப் பக்கம் கை தூக்குவார் என்ற கேள்வியை, 80 ஆண்டுகளுக்கு முன்பே சட்டசபைக்குள் நேருக்கு நேர் சந்தித்தவர் அவர்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் பிறந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார், பாடநூல்கள் எழுதினார். சேரிப் பிள்ளைகளைப் பள்ளி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிய காலம் அது. ஆதிதிராவிட மகாஜன சபைப் பணி வழியாக அரசியலுக்கு வந்தார்.

1920ல் நடந்த தேர்தலுக்குப் பிறகு அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் நீதிக்கட்சி வரிசையில் அமர்ந்தார். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களில் இருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று எழுத வேண்டும் என 1922ல் அவர் வலியுறுத்தினார். இன்று நம் சாதிச் சான்றிதழில் உள்ள ஆதிதிராவிடர் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தக் கோரிக்கையும் இருக்கிறது.

ஆனால் கட்சியோடு அவர் நீண்ட நாள் ஒத்துப்போக முடியவில்லை. 1921ல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. சேரிக் குடிசைகள் எரிந்தன. ஆளும் நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் பழியை ஆதிதிராவிடர் மீதே போட்டார்கள். கட்சிக்குள் இருந்தபடி வாய் மூடிக் கிடப்பதா, வெளியேறிப் பேசுவதா என்ற நிலை ராஜாவுக்கு வந்தது. 1923ல் அவர் வெளியேறினார். கட்சிக்கும் சமூகத்துக்கும் இடையே அவர் செய்த முதல் தேர்வு அது.

டெல்லியில் பத்தாண்டு

1927 முதல் 1937 வரை டெல்லி மத்திய சட்டசபையில் நியமன உறுப்பினராக இருந்தார். நாடு முழுமைக்குமான அந்தச் சபையில் அமர்ந்த முதல் தலித் உறுப்பினர் அவர்தான்.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி தந்தது. அந்தத் தொகுதிகளில் தலித் வேட்பாளரைத் தலித் மக்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். அம்பேத்கர் கேட்டது அதைத்தான். ராஜாவோ, எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாக்களிக்கும் பொது வாக்காளர் தொகுதியில் இடஒதுக்கீடு போதும் என்று கருதி, இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் ராஜாவும் கையெழுத்திட்டார்.

மாகாணச் சபைகளில் ஒடுக்கப்பட்டோருக்கான இடங்கள் 71ல் இருந்து 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடங்கள். முதற்கட்டத் தேர்தலில் தலித் வாக்காளர்கள் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் யார் உறுப்பினர் என்பதை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து முடிவு செய்வார்கள். எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆனால் கடைசிச் சொல் பெரும்பான்மைச் சாதியினர் கைக்கும், அவர்களின் வாக்கைத் திரட்டும் பெரிய கட்சியின் கைக்கும் போனது.

தீண்டாமை ஒழிப்பு வேகம் நாடெங்கும் எழுந்த அந்த நேரத்தில் ரங்க ஐயர் மத்திய சட்டசபையில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். காங்கிரஸ் தலைவர்கள் அதற்காக டெல்லியில் ஆதரவு திரட்டினார்கள். ராஜாஜியும் அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு தேர்தல் நெருங்கியது. உயர்சாதி வாக்கு போய்விடுமோ என்ற கணக்கு நுழைந்தது. ஆதரவு தளர்ந்தது. 1934 ஆகஸ்டில் மசோதா கைவிடப்பட்டது.

ஒரே ஆண்டில் இரண்டு மசோதா

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 30 ஒதுக்கீட்டு இடங்களில் 26 காங்கிரசுக்குப் போயின. பதவி ஏற்பதா வேண்டாமா என்று காங்கிரஸ் யோசித்துக்கொண்டிருந்த சில மாதங்கள் நடந்த இடைக்கால அமைச்சரவையில் ராஜா அமைச்சராக இருந்தார். ஜூலையில் ராஜாஜி பொறுப்பேற்றதும் ராஜா எதிர்வரிசைக்கு வந்தார்.

1938ல் அவர் தனிநபர் மசோதாக்கள் இரண்டைக் கொண்டுவந்தார். ஒன்று, பொதுக் கிணறு, பொதுச் சாலை, பேருந்து, பொது நிறுவனங்களில் தலித் மக்களைத் தடுப்பதைக் குற்றமாக்கும் மசோதா. அரசு ஆதரித்தது. ஆளும் வரிசை முழுவதும் ஆதரித்தது. சென்னைக் குடிமைத் தடைகள் நீக்கச் சட்டமாக அது நிறைவேறியது. அரசமைப்புச் சட்டத்தின் 17வது பிரிவு வருவதற்கு 12 ஆண்டுகள் முன்பே, எதிர்வரிசையில் இருந்த ஒரு தலித் உறுப்பினரின் மசோதா சட்டமானது. கட்சிக் கட்டுப்பாடு நமக்கு உதவிய இடம் இது.

மற்றொன்று கோயில் நுழைவு மசோதா. திருவிதாங்கூர் மன்னர் 1936 நவம்பரிலேயே தம் அரசின் கோயில்களைத் திறந்துவிட்டிருந்தார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்பது ராஜாவின் வாதம். ஆகஸ்டில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தை முன்மொழிந்தார். மாகாணம் முழுவதும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, முதலில் மலபாருக்கு மட்டும் அரசே சட்டம் கொண்டுவரும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்றார் ராஜாஜி. ராஜா மறுத்தார். வாக்கெடுப்பு நடந்தது. மசோதா தோற்றது.

தோல்வியைவிட ராஜாவை உலுக்கியது வேறொன்று. காங்கிரஸ் வரிசையில் இருந்த தலித் உறுப்பினர்களும் அந்த மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்கள். நம் மக்கள் கோயிலுக்குள் போகலாம் என்ற மசோதாவைத் தோற்கடிக்க நம்மவர் வாக்குகளும் பயன்பட்டன.

அந்த உறுப்பினர்களைத் துரோகிகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கொஞ்சம் அவர்கள் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வேட்பாளர் சீட்டு தந்தது கட்சி. தேர்தல் செலவு கட்சியுடையது. வெற்றி தந்தது ஊர்த்தெரு வாக்கு. கட்சியை மீறினால் அடுத்த முறை எதுவும் இல்லை. தனிமனிதரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இருக்க முடியாத ஏற்பாடு அது. தாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விளைவை ராஜா ஆறே ஆண்டில் கண்ணால் பார்த்தார்.

நடந்ததை விவரித்துக் காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. அதன்பின் அம்பேத்கரின் வாதம் சரியென்ற இடத்துக்கு ராஜா நகர்ந்தார். 1942ல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் ஒன்றாகவே நின்று, தலித் மக்களுக்குப் பாதுகாப்பு இல்லாத அந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள். பத்தாண்டு முன் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இருவர் அவர்கள். கருத்தை மாற்றிக்கொள்ள ராஜா வெட்கப்படவில்லை. 1943 ஆகஸ்டில் அவர் காலமானார்.

இதற்கிடையில் 1939 ஜூலை 8ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித் மக்களும் நாடார் ஒருவரும் நுழைந்தார்கள். அதன்பின் ராஜாஜி அரசே அவசரமாகச் சட்டம் செய்தது. முந்தைய ஆண்டு காலம் கனியவில்லை என்று சொன்ன அதே வரிசை, தலைமை முடிவு மாறியதும் ஆதரவாகக் கை தூக்கியது. மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் ஓமந்தூரார் ஆட்சியில் 1947ல்தான் வந்தது. அதைப் பார்க்க ராஜா இல்லை.

இன்று கட்டளைக்குச் சட்ட பலம்

ராஜா காலத்தில் கட்சியை மீறினால் அடுத்த தேர்தலில் சீட்டு போகும். இன்று பதவியே போகும். 1967ல் அரியானாவில் தொடங்கிய ஆயாராம் கயாராம் கூத்தைத் தடுக்க, 1985ல் 52வது திருத்தம் வழியாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், உறுப்பினர் பதவி இழக்கலாம். விலைக்கு வாங்கும் வியாபாரத்தைத் தடுக்க இது தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் மனசாட்சிப்படி மாற்றி வாக்களிப்பவரும் விலைபோனவரும் இந்தச் சட்டத்தின் முன் ஒன்றுதான். ஆட்சியின் ஆயுளையும் கட்சியின் அடிப்படைக் கொள்கையையும் தொடும் வாக்கெடுப்புகளோடு கொறடா உத்தரவு நிற்பது நல்லது என்று 1992லேயே உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எந்தக் கட்சியும் அதைப் பின்பற்ற அவசரப்படவில்லை. தனிநபர் மசோதா ஒன்று நாடாளுமன்றத்தில் கடைசியாகச் சட்டமானது 1970ல்.

மக்களவையில் 84 தனித்தொகுதிகள். 84 பேரும் ஒரே குரலில் பேசினால் எந்த அரசும் திரும்பிப் பார்க்கும். ஆனால் அவர்கள் தத்தம் கட்சி வரிசையில் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30ல். 80 ஆண்டுக்கும் மேலான தடை அது. 1947 சட்டம் அந்தத் தெருவுக்கு வந்து சேர 76 ஆண்டும் போலீஸ் பாதுகாப்பும் தேவைப்பட்டன.

நம் மாவட்டத்தில் செங்கமும் வந்தவாசியும் தனித்தொகுதிகள். வேட்பாளர் வரும்போது சாலை, குடிநீர், பட்டா கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூடவே இன்னொன்றையும் கேட்போம்: போன முறை எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தீர்கள்? நம் மக்களுக்கு எதிராகக் கட்டளை வந்தால் கட்சிக் கூட்டத்திலாவது எழுந்து பேசுவீர்களா? இதை வேட்பாளரிடம் மட்டும் கேட்டால் போதாது. கட்டளை போடுவது தலைமை. எனவே தேர்தல் அறிக்கை தயாரிக்கும் கட்சித் தலைமையிடமும் கேட்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் இதைத் தொடங்கலாம். நாடாளுமன்ற விவாதங்களும், பெயர் பதிவான வாக்கெடுப்புகளும் பொதுவில் கிடைக்கின்றன. நம் உறுப்பினர் பேசியதையும் வாக்களித்ததையும் எடுத்து எழுதி, ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். 1938ல் அந்த மசோதாவுக்கு எதிராகக் கை தூக்கியவர்களிடம் கேள்வி கேட்க அவர்கள் தொகுதியில் படித்த இளைஞர்கள் மிகக் குறைவு. இன்று நாம் இருக்கிறோம்.