பஞ்சமி அமர்ந்த பலகை: அய்யன்காளியின் கல்விப் போர்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளியில் தீயில் கருகிய மரப்பலகை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், பஞ்சமி என்னும் புலையர் சமூகச் சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்து அந்தப் பள்ளிக்குள் அழைத்துச் சென்றார். ஒரு சிறுமி வகுப்பில் அமர்ந்ததைப் பொறுக்க மாட்டாத ஆதிக்க சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர். தங்கள் பிள்ளைகள் படித்த பள்ளி அது என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அந்தத் தீயில் எஞ்சியதே இந்தப் பலகை.

அய்யன்காளி என்றதும் தலைப்பாகையும் மாட்டுவண்டியுமே நம் நினைவில் எழுகின்றன. அந்த வண்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1863 ஆகஸ்ட் 28 அன்று, வெங்கானூரில் அய்யன் – மாலா இணையருக்கு மகனாக அய்யன்காளி பிறந்தார். சட்டம் மாறியிருந்தாலும் வாழ்வு மாறவில்லை. புலையர் பொதுச் சாலையில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் நுழையக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. குழந்தைகள் பள்ளியின் அருகில்கூட வரக் கூடாது. அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமாகச் சிறிது நிலம் இருந்தது. அன்றைய புலையர்களில் அது அரிது. ஆயினும் அவருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. தம் பெயரைக் கடந்து எழுதப் படிக்க அறியாதவராகவே அவர் வாழ்ந்தார்.

1893இல் அவர் வண்டியும் காளைகளும் வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்தி, தலைப்பாகை அணிந்து, மணியோசை எழத் தடைசெய்யப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றார். தொடர்ந்து சாலை உரிமைக்கான நடைப்பயணங்கள் நடந்தன. பாலராமபுரத்தில் அவை கைகலப்பாக முடிந்தன. இதைத் தன்மானத்தின் அடையாளம் என்று மட்டும் கூறி முடித்துவிடுகின்றனர். நாம் இன்னொன்றையும் பார்க்கிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளை முதலில் சாலையில்தான் கால் வைக்க வேண்டும். வழியில் அடிவிழும் என்றால் வகுப்பறைக் கதவு திறந்திருந்தும் பயனில்லை.

1904இல் வெங்கானூரில் அவர் தம் மக்களுக்கென ஒரு குடிசைப் பள்ளியைத் தொடங்கினார். அது அழிக்கப்பட்டது, மீண்டும் கட்டினர். அரசுப் பள்ளிகளில் இடம் கோரும் முயற்சியும் உடன் நடந்தது. 1907இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்னும் அரசின் ஆணையும் வந்தது. ஆனால் உள்ளூர் அதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் அதைப் பேழைக்குள் பூட்டி வைத்தனர்.

எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. திவானின் முறைகேடுகளை அஞ்சாமல் எழுதி, அதற்காக 1910இல் நாடு கடத்தப்பட்டவர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. கேரள இதழியலின் முன்னோடியாக இன்றும் போற்றப்படுபவர். அவரே அதே ஆண்டில், புலையர் பிள்ளைகளைப் பிற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்னும் பொருள்பட எழுதினார். அரசின் அநீதியைக் கண்ட கண்ணுக்குத் தன் சாதியின் அநீதி புலப்படவில்லை. இன்றைய முற்போக்காளர் சிலரை நினைக்கையில் நமக்கு இதில் வியப்பு எழவில்லை.

ஊரூட்டம்பலத் தீயோடு எதிர்ப்பு அடங்கவில்லை. சேரிகள் தாக்கப்பட்டன, புலையர் அடித்துத் துரத்தப்பட்டனர். அய்யன்காளி இதற்குத் தந்த விடையே அவர் வாழ்வின் உச்சம் என்பது நம் கருத்து. எங்கள் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் அமர முடியாது என்றால் உங்கள் வயலில் எங்கள் கால் படாது என்று அவர் முடிவெடுத்தார். வேளாண் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும் நடமாடும் உரிமையும் கோரிக்கைகளில் இருந்தன என்றாலும் பள்ளி நுழைவே அவற்றின் நடுவில் நின்றது. தம் பிள்ளைகளின் படிப்புக்காக உழவுத் தொழிலாளர் நடத்திய இத்தகைய வேலைநிறுத்தத்துக்கு இணையானதை வரலாற்றில் காண்பது அரிது.

நிலவுடைமையாளர் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர், முடியவில்லை. வயல்களில் களை மண்டியது. மறுபுறம் தொழிலாளர் குடிசைகளில் பட்டினி. பசியால் போராட்டம் முறிந்துவிடும் என்று ஆதிக்கத் தரப்பு காத்திருந்தது. அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்று மீனவர்களிடம் உதவி கேட்டார். அவர்கள் தங்கள் படகுகளில் இவர்களையும் சேர்த்துக்கொண்டு பிடித்த மீனில் பங்கு கொடுத்தனர். உழவர் கடலுக்குப் போனதால் அடுப்பு எரிந்தது, போராட்டமும் நின்றது. இறுதியில் அரசு அமர்த்திய நீதித்துறை நடுவர் ஒருவரின் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. கூலி உயர்ந்தது, பள்ளி நுழைவு உரிமை ஏற்கப்பட்டது.

உரிமை கிடைத்த பின்னும் கற்பிக்க ஆள் வேண்டுமே. வெங்கானூரில் பள்ளிக்கு ஒப்புதல் பெற்றபோது ஆசிரியராக வர முன்வந்தவர் ஒரு நாயர். அவரையும் சொந்தச் சாதியினர் மிரட்டினர். சங்கத்தார் துணைக்கு நின்றுதான் அவர் பாடம் நடத்த வேண்டியிருந்தது. மாணவருக்கு மட்டுமன்றி, மாணவரை மனிதராக நடத்தும் ஆசிரியருக்கும் பாதுகாப்பு தேவைப்பட்ட காலம் அது.

ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட அய்யன்காளி கால் நூற்றாண்டுக் காலம் அங்கே பேசினார். கட்டணச் சலுகை, குடியிருக்கவும் பயிரிடவும் புறம்போக்கு நிலம், அரசுப் பணி ஆகியவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நிலமற்றவரின் பிள்ளை நிலக்கிழாரின் கருணையில்தான் படிக்க நேரும் என்பதை எழுத்தறியாத அவர் நன்கு அறிந்திருந்தார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், விளிம்புநிலைப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் காக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. ஆயினும் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த செய்திகளும், சத்துணவில் தனி வரிசையில் அமர்த்திய செய்திகளும் நம் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. 1907இன் ஆணைக்கு நேர்ந்தது இந்தச் சட்டத்துக்கும் நேர்வதை நாம் காண்கிறோம். ஆணையைக் கீழே நடைமுறைப்படுத்த வேண்டியவர் யார், அவர் மறுத்தால் கேட்கும் வலிமை எந்தப் பெற்றோருக்கு உண்டு என்னும் கேள்விகளை ஊரூட்டம்பலம் அன்றே எழுப்பிவிட்டது.

1937 சனவரியில் காந்தி வெங்கானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைப் பார்க்க வேண்டும் என்பதே தம் விருப்பம் என்று அய்யன்காளி அவரிடம் கூறினார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. ஊரெங்கும் அதே பேச்சு. அவரோ பட்டதாரிகளைக் கேட்டார்.

1941 சூன் 18 அன்று அவர் மறைந்தார். 2022இல் கேரள அரசு ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சூட்டியது. கருகிய அந்தப் பலகை அங்கேதான் இருக்கிறது.