கூட்டல் குறி பட்டன் முதல் கேம் பாய் வரை... பழைய டெக்னாலஜியை வைத்தே ஜெயித்த குன்பெய் யோகோய் யார்?

ஏதாவது ஒரு வீடியோ கேம் கண்ட்ரோலரை கையில் எடுத்துப் பாருங்க. இடது கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில் பெரும்பாலும் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதைக் கொண்டுவந்தவர் ஜப்பானைச் சேர்ந்த குன்பெய் யோகோய். மரியோ அறிமுகமான ஆர்கேட் கேமை மேற்பார்வை செய்ததும், கேம் பாயை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியதும் இவர்தான். ஆனா இவர் முதலில் வேலைக்குச் சேர்ந்தது மெஷின்களைப் பராமரிக்க!

1941ல் கியோட்டோவில் பிறந்த யோகோய், டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965ல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அப்போ அது சீட்டுக்கட்டு கம்பெனி. சீட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

சும்மா இருந்த நேரத்தில், நீட்டினால் தூரத்துப் பொருளைப் பிடிக்கும் ஒரு கை பொம்மையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். அதை கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று பார்த்தால், இதையே விற்பனைக்குத் தயார் செய் என்று உத்தரவு வந்தது. 1966ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதோடு மெஷின் வேலைக்கு டாட்டா.

ரயிலில் கிடைத்த ஐடியா

புல்லட் ரயிலில் ஒருவர் போரடித்துப்போய் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். பாக்கெட்டில் வைக்கும் கேம் வந்தால் எப்படி இருக்கும் என்று அங்கேதான் தோன்றியது. கொஞ்ச நாளில் யமவுச்சியின் கார் டிரைவர் வராததால், யோகோய் காரை ஓட்ட வேண்டி வந்தது. போகிற வழியில் பேச்சோடு பேச்சாக ஐடியாவைச் சொல்லிவிட்டார்.

கால்குலேட்டர் கம்பெனிகளின் விலைப் போட்டியில் எல்சிடி திரை அப்போது மலிவாகிவிட்டிருந்தது. அதை வைத்து 1980ல் வந்ததுதான் 'கேம் அண்ட் வாட்ச்'. மொத்தம் 4 கோடிக்கும் மேல் விற்பனை!

யோகோயின் ஃபார்முலாவே இதுதான். புத்தம் புது டெக்னாலஜி விலை அதிகம், கோளாறும் அதிகம். நல்லா பழகிப்போன மலிவான பொருளை, யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்துவது அவர் வழி.

விற்காத ஆர்கேட் மெஷின்கள்

இதே நேரத்தில் அமெரிக்காவில் நின்டெண்டோவுக்கு பெரிய தலைவலி. அங்கே அனுப்பிய 3,000 'ரேடார் ஸ்கோப்' ஆர்கேட் மெஷின்களில் சுமார் 2,000 விற்கவே இல்லை. அவற்றுக்குள் வேறு கேமைப் போட்டுக் காப்பாற்றும் பொறுப்பு ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் போனது. கூட இருந்து வழிநடத்தியவர் யோகோய். 1981ல் வந்த அந்த கேம்தான் 'டாங்கி காங்'. அதில் குதித்துக் குதித்து ஓடிய தச்சர்தான் பின்னாளில் மரியோ.

டாங்கி காங்கை மடிக்கும் பாக்கெட் கேமாகக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். ஆர்கேட் மெஷினில் இருக்கும் நீட்டுக் குச்சியை வைத்தால் மூடி மூடாது. அதற்காக 1982ல் பிறந்ததுதான் அந்தத் தட்டையான கூட்டல் குறி பட்டன்.

1989ல் வந்தது கேம் பாய். போட்டியாளர்கள் கலர் திரையோடு வந்தார்கள். அவற்றில் 6 பேட்டரி போட்டும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். யோகோய் அணி கலரே வேண்டாம் என்றது. 4 பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடியது. சத்தத்துக்கு ஹிரோகாசு தனாகா. வெறும் 4 ஒலி சேனல்களை வைத்துக்கொண்டு, இயர்போனில் ஸ்டீரியோ இசை கேட்க வைத்தவர் அவர். பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11 கோடிக்கும் மேல் விற்றது கேம் பாய்.

கடைசியில் அந்த ஃபார்முலாவே சறுக்கியது. 1995ல் வந்த 3டி கருவியான 'வர்ச்சுவல் பாய்'க்கு மலிவான சிவப்பு விளக்குகளை மட்டும் பயன்படுத்தினார். முழுக்கச் சிவப்புப் படம், கண் வலி, தலைவலி என்று புகார். 8 லட்சம்கூட விற்காமல் ஓராண்டுக்குள் மூடப்பட்டது.

1996 ஆகஸ்டில் யோகோய் நின்டெண்டோவை விட்டு விலகினார். இந்தத் தோல்விதான் காரணம் என்று பலரும் எழுதினாலும், சொந்தத் தொழில் ஆசை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. கிளம்பும் முன் கேம் பாயின் சின்ன மாடலையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

புதிதாக 'கோட்டோ' என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1997 அக்டோபர் 4ஆம் தேதி, இஷிகாவா பகுதி நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் லேசாக மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கி நின்றவர் மீது இன்னொரு கார் மோத, உயிர் பிரிந்தது. வயது 56.

அவர் கடைசியாக வேலை பார்த்த 'வொண்டர்ஸ்வான்' கருவி 1999ல் பண்டாய் நிறுவனம் மூலம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கூடவே வந்த புதிர் கேமுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: 'குன்பெய்'. அந்தக் கருவி ஓட ஒரே ஒரு பென்சில் பேட்டரி போதும்.