எஸ். பாலச்சந்தர்

எஸ். பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) தமிழகத்தைச் சேர்ந்த வீணைக் கலைஞர், திரைப்பட இயக்குநர், இசையமைப்பாளர், நடிகர் ஆவார். வீணை பாலச்சந்தர் என்று பரவலாக அறியப்பட்டவர். தமிழில் உளவியல் சார்ந்த மர்மப் படங்களின் முன்னோடிகளில் ஒருவராகக் கருதப்படுகிறார். இயக்குநர் கே. பாலச்சந்தர் வேறொருவர்.

இளமை

இவர் சென்னையில் பிறந்தார். இசைக் கலைஞரும் ஓவியருமான எஸ். ராஜம் இவரின் அண்ணன். சீதா கல்யாணம் (1934) படத்தில் ராஜம் இராமனாகவும், தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர்; சிறுவனான பாலச்சந்தர் கஞ்சிரா வாசிப்பவராகத் தோன்றினார். வீணையைக் குருவின்றித் தாமே கற்றுத் தேர்ந்தார்.

அந்த நாள்

அகிரா குரோசாவாவின் ராஷோமோன் (1950) திரைப்படம் இவரைக் கவர்ந்தது. ஒரே நிகழ்வைப் பலர் தத்தம் நோக்கில் கூறும் அப்படத்தின் உத்தியைக் கொண்டு, ஏவிஎம் நிறுவனத்திற்காக அந்த நாள் (1954) படத்தை இயக்கினார். 1943 ஆம் ஆண்டு சென்னையில் சப்பானியர் குண்டு வீசியதை அடுத்து வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரணையில் ஒவ்வொருவரும் கூறும் கதையில் அவர் வெவ்வேறு மனிதராகத் தெரிகிறார். இறந்தவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. முதலில் வேறொரு நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட பகுதிகள் கைவிடப்பட்டு, பின்னர் சிவாஜி கணேசன் நடித்தார்.

பாடல்கள் நிறைந்த படங்களே வெற்றி பெற்று வந்த அக்காலத்தில், ஒரு பாடலோ நடனமோ இன்றி வெளிவந்த இப்படம் வணிக ரீதியில் தோல்வியுற்றது. எனினும் தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இன்று தமிழின் குறிப்பிடத்தக்க படங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

திகில் உத்திகள்

பொம்மை (1964) படத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று கைமாறிச் செல்கிறது. அதனுள் குண்டு இருப்பதைப் பார்வையாளர் அறிவர்; அதைக் கையில் வைத்திருப்பவர் அறியார். இந்த இடைவெளியே திகிலை உண்டாக்குகிறது. நடு இரவில் (1970) அகதா கிறிஸ்டியின் புதினம் ஒன்றைத் தழுவியது. தனித்த மாளிகையில் கூடும் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட, எஞ்சியோர் ஒருவரையொருவர் ஐயுறுகின்றனர். நம்பத்தகாத சாட்சி, பார்வையாளர் மட்டும் அறிந்த ஆபத்து, மூடிய களம் ஆகியவை உளவியல் திகில் படங்களின் பொதுவான மரபுகளாகும்.

பிற்கால வாழ்க்கை

பின்னர் இவர் திரைத்துறையிலிருந்து விலகி வீணையிலேயே முழுமையாக ஈடுபட்டார். 1982 இல் பத்ம பூஷண் விருது பெற்றார். சுவாதித் திருநாளின் பெயரில் வழங்கும் பாடல்கள் அவர் இயற்றியவையல்ல என்று வாதிட்டு இசையுலகில் பெரும் சர்ச்சைக்குள்ளானார். அந்த நாள் வெளியாகிச் சரியாக 36 ஆண்டுகள் கழித்து, அதே ஏப்ரல் 13 அன்று, பிலாய் நகரில் மாரடைப்பால் காலமானார்.

பின்வந்த படங்கள்

மனநிலைப் பிறழ்வை மையமாகக் கொண்ட தமிழ்ப் படங்கள் பின்னரும் வெளிவந்தன. பாலு மகேந்திராவின் மூடுபனி (1980) அவற்றுள் ஒன்று. திகில் படம் அல்லாத குணா (1991), பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் அருகிலுள்ள குகையில் படமாக்கப்பட்டது. அக்குகை இப்போது குணா குகை என்றே அழைக்கப்படுகிறது.