வேலைக்கு லாயக்கில்லை என ஒதுக்கிய துறைக்கே இயக்குநர்: யார் இந்த எட் ராபர்ட்ஸ்?

1953. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 14 வயது எட் ராபர்ட்ஸை போலியோ தாக்கியது. கழுத்துக்குக் கீழே உடல் கிட்டத்தட்ட முடங்கிப்போனது. ராத்திரி மூச்சுவிட, இரும்பு நுரையீரல் எனும் உருளை இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும்.

பெரும்பாலும் ஃபோன் வழியாகவே பள்ளிப் பாடம் படித்தார். கடைசியில் சான்றிதழ் தர மறுத்துட்டாங்க. ஏன்? உடற்கல்வியும் கார் ஓட்டும் பயிற்சியும் முடிக்கலையாம்! அம்மா ஸோனா விடவில்லை; சண்டை போட்டு வாங்கினார்.

அடுத்து மாநில மறுவாழ்வுத் துறை. இவரால் எந்த வேலையும் பார்க்க முடியாது என்று படிப்புச் செலவைத் தர மறுத்தது. விஷயம் பத்திரிகைகளுக்குப் போனதும் இறங்கி வந்தது. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இயந்திரத்தைத் தாங்கும் ஹாஸ்டல் இல்லாததால், வளாக மருத்துவமனையிலேயே தங்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். வீல்சேர் ஏற முடியாத நடைபாதையைச் சரிசெய்யச் சொல்லி நகராட்சியோடு மோதியது இந்தக் கூட்டம்தான்.

1972-ல் நண்பர்களோடு சுயசார்பு வாழ்வு மையம் தொடங்கினார். உதவியாளர் தேடித் தருவது, வீடு பார்ப்பது, வீல்சேர் ரிப்பேர் எல்லாமே அங்கே உண்டு. நடத்தியவர்களும் மாற்றுத்திறனாளிகளே.

1975-ல் அதே மறுவாழ்வுத் துறைக்கு ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை இயக்குநராக நியமித்தார். 1995-ல் 56 வயதில் மறைந்தார். அவருடைய வீல்சேர் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.