பூட்டாத அலமாரி

பாலர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்ற சொல்லை நாம் பார்த்திருப்போம். அது ஏதோ ஒரு கற்பித்தல் முறையின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெண்மணியின் குடும்பப் பெயர்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் உள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகள் ஆசிரியர் ஆகவேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மரியாவோ அந்த வேலையே வேண்டாம் என்றார். கணக்கில் ஆர்வம் கொண்ட அவர், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே படித்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியியலாளர் ஆக நினைத்தவர், பிறகு மருத்துவம் படிக்க முடிவு செய்தார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தாய்தான் துணை நின்றார்.

மருத்துவக் கல்வி எளிதாக இருக்கவில்லை. ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் மனித உடலை அறுத்துப் பார்ப்பது முறையன்று என அக்காலத்தில் கருதப்பட்டது. அதனால் மற்ற மாணவர்கள் வீடு திரும்பிய பிறகு, பிணவறையில் அவர் தனியாக நின்று அந்தப் பாடத்தைப் படித்தார். 1896ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர்.

மருத்துவரான பின் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவர்களுக்கு மருந்தைவிடக் கைகளுக்கு வேலையே அதிகம் தேவை என்று அவர் உணர்ந்தார். தொட்டும் தூக்கியும் பொருத்தியும் பார்க்கும் கற்றல் பொருள்களைச் செய்து கொடுத்தார். சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளுள் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலும் தேறினர். எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவருக்கோ வேறொரு கவலை வந்தது. இவர்களே இவ்வளவு கற்க முடியுமானால், பள்ளிகளில் உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளைகள் ஏன் இன்னும் கூடுதலாகக் கற்கவில்லை?

அதற்கு விடை தேட 1907இல் வாய்ப்பு அமைந்தது. ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றதும் சிறுபிள்ளைகள் கவனிப்பாரின்றிக் குடியிருப்பின் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாண்டிசோரியிடம் தரப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள் ‘பிள்ளைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கு வந்தார்கள். அவர்களைக் கவனித்த பெண் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் அல்லர். அது ஒரு குறை என்று மாண்டிசோரி நினைக்கவில்லை. பழைய பழக்கம் எதுவும் இல்லாதவரிடம், குறுக்கிடாமல் கவனித்துப் பார்க்கச் சொல்வது எளிது அல்லவா!

அங்கிருந்த பொருள்களுள் ஒன்று நீண்ட மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒவ்வோர் உருளையும் ஒரு குழிக்கு மட்டுமே சரியாகப் பொருந்தும். மெல்லிய உருளையைப் பெரிய குழியில் போட்டால், கடைசியில் தடித்த உருளை ஒன்று இடமின்றிக் கையில் மிஞ்சும். தவறு எங்கோ நடந்துவிட்டது என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை, மரக்கட்டையே காட்டிவிடும். பிள்ளை எல்லாவற்றையும் எடுத்து, உற்றுப் பார்த்து, மறுபடி முயலும். அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

ஒருநாள் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இந்த உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக இருந்தாள். மாண்டிசோரி அருகில் நின்று எண்ணத் தொடங்கினார். சிறுமியின் கவனம் எவ்வளவு உறுதியானது என்று அறிய, மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு, தானாகவே நிறுத்தி, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் மகிழ்ச்சியோடு சுற்றிலும் பார்த்தாள். சிறுபிள்ளைகளின் மனம் ஒன்றில் நிலைக்காது என்று எல்லாரும் நம்பிய காலம் அது.

மற்றொரு நாள் ஆசிரியர் தாமதமாக வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். பிள்ளைகள் அதைத் திறந்து, தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் அதைத் திருட்டு என எண்ணிக் கோபப்பட்டார். மாண்டிசோரியின் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அளவுக்குப் பிள்ளைகள் அந்தப் பொருள்களை அறிந்திருக்கிறார்கள்! அதன்பின் அங்கு உயரமான, பூட்டிய அலமாரிக்கு இடமில்லை. பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான திறந்த அலமாரிகள் வந்தன.

இந்த இல்லத்தின் புகழ் விரைவில் பல நாடுகளுக்குப் பரவியது. 1909 முதல் மாண்டிசோரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இத்தாலியில் முசோலினியின் ஆட்சி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தது. அவரும் அந்த ஆதரவை ஏற்றார். பள்ளிகள் தன் சொற்படி நடக்கவேண்டும் என்று ஆட்சி வற்புறுத்தியபோது உறவு முறிந்தது. 1934இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

1939இல், தம் 69ஆம் வயதில், மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் ஏறக்குறைய 300 ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடினார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சில மாதங்களில் திரும்பிச் செல்வதாகத்தான் திட்டம். ஆனால், 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசு மரியோவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. மாண்டிசோரி அடையாற்றைவிட்டு வெளியே செல்லக்கூடாது என உத்தரவிட்டது.

மரியோ சிறுவயதில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தவர். மாண்டிசோரி திருமணம் செய்துகொள்ளாததால், பல ஆண்டுகளாக அவரை மகன் என வெளியில் சொல்ல முடியாமல் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. மரியோவை விடுவிப்பதாகத் தெரிவித்த அந்தத் தந்தி, அவரை மாண்டிசோரியின் மகன் என்றே குறிப்பிட்டது.

பின்னர் இருவரும் கொடைக்கானல் மலையில் தங்கினார்கள். அங்கு வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்றார்கள். வகுப்பறைக்கு வெளியே காடும் ஏரியும் இருந்தன. பிள்ளைகள் செடிகளையும் சிறு உயிரினங்களையும் நேரில் பார்த்தும் தொட்டும் அறிந்தார்கள். கடினமான தாவரப் பெயர்களையும் சின்னஞ்சிறு பிள்ளைகள் விரும்பிக் கற்றதைக் கண்டு மாண்டிசோரியே வியந்தார். ஒரு செடியைப் பற்றிய பாடம் மண், நீர், சூரியன் என விரிந்தது. பூமி தோன்றிய கதையிலிருந்து தொடங்கும் அவருடைய தொடக்கநிலைப் பாடத்திட்டம் இந்த ஆண்டுகளில்தான் வளர்ந்தது.

1946இல் ஐரோப்பா திரும்பியபோது அவருக்கு வயது 75. அதன்பின்னும் பயிற்சி வகுப்புகளுக்காக இந்தியாவுக்கு வந்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் ஒரு கடற்கரை ஊரில் காலமானார். அப்போது, ஆப்பிரிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க அங்குப் போகலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது.